டேவ் அழுத வெள்ளிக்கிழமை

தொண்ணூறுகளில், துபாய்ப் பக்கம் அல் ஐனில், எங்கள் கம்பெனி ஆஸ்திரேலியர்கள் வெள்ளிதோறும் தங்கள் நாட்டுக் கால்பந்து ஆடுவார்கள். தண்ணீரும் மருந்தும் கொடுப்பது என் டியூட்டி. என்ஜினியர் டேவ்தான் அதில் பெரிய முரடர். அண்ணாந்து பந்தையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடுவார். மோத வருபவரைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஒரு வெள்ளி காலை, ஊரில் வாப்பா மவுத் என்று போன் வந்தது. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அடக்கம். பாஸ்போர்ட் விசா கொடுத்த கஃபீலிடம் இருந்தது; ஊருக்குப் போக வழியில்லை. ஆம்பளை அழக்கூடாதென்று மைதானத்துக்கே போனேன்.

டேவின் கிழிந்த புருவத்தில் வைக்கவேண்டிய பஞ்சைக் கன்னத்தில் வைத்தேன்.

“என்ன ஆச்சு, பாய்?” என்றார் அரைகுறை இந்தியில்.

“வாப்பா போயிட்டாங்க. இந்நேரம் அடக்கியிருப்பாங்க.”

“என் அப்பா போனப்பவும் நான் இங்கதான் இருந்தேன்” என்றவர், மணலில் உட்கார்ந்து குலுங்கி அழுதார். யார் பார்க்கிறார்கள் என்று அவர் திரும்பவே இல்லை.

நான்தான் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பாவுக்காக இன்றுவரை அழவில்லை.