மருந்து பாட்டிலில் வந்த பெட்ரோல்

யுத்த காலம். என் கணவர் மண்டி மொஹல்லா என்ற பேட்டையில் ஒரு பஸ் முதலாளியின் ஷெட்டில் மெக்கானிக். பெட்ரோலுக்குக் கூப்பன் முறை வந்திருந்ததால், இன்ஜின் பாகங்களைக் கழுவக்கூட அளந்துதான் கொடுப்பார்கள். ஒரு சொட்டு வெளியே போனாலும் வேலை போய்விடும்.

நாத்தனாரின் நிச்சயதார்த்தப் பட்டில் விளக்கெண்ணெய் கொட்டிவிட்டது. மறுநாள் என் கணவர் ஷெட்டிலிருந்து ஒரு மருந்து பாட்டில் நிறையப் பெட்ரோல் கொண்டுவந்தார்.

"இத்தனூண்டு தொட்டுத் தேச்சாக் கறை போயிரும் புள்ள. ஷெட்டுல கை கழுவறதும் இதுலதான். ஒருத்தன் கட்டில் மூட்டைப்பூச்சிக்கு ஊத்தறான், இன்னொருத்தன் சொறிக்குத் தடவறான்."

"தீப்புடிக்காதுங்களா?"

"நிமிஷத்துல காத்தாப் போயிரும். அதுல என்னத்தப் புடிக்கப் போகுது?"

நான் நம்பினேன். மழை பெய்துகொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து தேய்த்தேன். கறை நிஜமாகவே மறைந்தது. தலை லேசாகச் சுற்றியது. அறையின் மறுகோடியில் அடுப்பில் தணல் கிடந்தது. அது எட்டத்தில்தானே இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அந்த ஆவி தரையோடு தவழ்ந்து போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அடுப்பிலிருந்து நீலமாக ஒரு கோடு என்னை நோக்கி ஓடி வந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். பட்டும் என் இடது கையும் சேர்ந்து எரிந்தன.

ஆஸ்பத்திரிக்கு முதலாளி வந்தார். "ஏனம்மா, ஏனாய்த்து?" என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டார். நான் வாய் திறக்குமுன் என் கணவர் முந்திக்கொண்டார்.

"சீமெண்ணெய்ங்க சாமி. அடுப்புல ஊத்தாதேன்னு நூறு தடவை சொல்லியிருக்கேன். கேட்டாத்தானே?"

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. காயம் காந்தியதைவிட அது அதிகம் காந்தியது. வேலை பிழைக்கட்டும் என்று முதலாளி முன்னால் பொய் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன். வீட்டுக்கு வந்தபிறகும், யாரும் கேட்காதபோதும், அதையே சொன்னார். நாத்தனார் என்னோடு பேச்சை விட்டாள். நாளாக ஆக, அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று தோன்றியது.

நாலு மாதம் கழித்து, ஷெட்டு டிரைவரின் மனைவி வந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. "அக்கா, ஜரிகைச் சேலைக் கறைக்கு உங்க வீட்டுக்காரரு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினாரு. எப்படித் தேய்க்கணும்?"

அவர் பக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கையின் துணியை அவிழ்த்துக் காட்டினேன்.

"இது சீமெண்ணெய் இல்லம்மா. நீ வாங்குன அதே பெட்ரோல். கொண்டுவந்து இவருகிட்டயே திருப்பிக் கொடுத்துரு."

அவள் நேரே ஷெட்டுக்கே கொண்டுபோய் முதலாளி கையில் கொடுத்துவிட்டாள். அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று. சொந்த ஊரான ஹனூருக்குத் திரும்பி, அவர் அண்ணனின் மானாவாரிக் காட்டில் ராகி விதைத்தோம். "கட்டுனவளே காட்டிக் கொடுத்துட்டா" என்று சாகும்வரை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.