கதவில்லாத புழு வீடு

இந்த வருடமும் ராகியை அறுத்துப் போட்ட மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. சென்னைப் பக்கம் கடலில் புயல் என்றால் எங்கள் ஊரில் இடியும் இருக்காது, காற்றும் இருக்காது. வானம் சாம்பல் நிறமாகிவிடும், நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். பேத்தமங்களா போகும் வழியில் எங்களுக்கு ஒரு ஏக்கர் நிலம் உண்டு. அங்கே தார்ப்பாய் போட்டு மூடியிருந்த கதிர்க் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே சூடேறியிருந்தது. ஈரக் கதிரைக் குவித்து வைத்தால் அப்படித்தான் புழுங்கும். அப்படியே விட்டால் முளை வந்துவிடும்.

அன்று மாலை மகள் போன் செய்தாள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள், அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறாள்.

"ராகி அறுத்தாச்சா?"

"இல்லடி, இன்னும் நிக்குது."

"அப்பா போட்டோ அனுப்பிட்டாரு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இன்னாத்துக்கும்மா பொய் சொல்ற? வந்துடுவேன்னு பயமா?"

"குடை வச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டாள்.

வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைத்தான் அவள் எதிர்பார்த்தாள். எனக்கும் அது தவிர வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த நிலத்தை எங்களுக்கு விற்றவர் பட்டுப்பூச்சி வளர்த்தவர். மல்பெரிச் செடிகளை எடுத்துவிட்டு நாங்கள் ராகி போட்டோம். அவர் கட்டிய புழு வீடு மட்டும் அப்படியே நின்றது. நீளமான ஓர் அறை, இரண்டு பக்கமும் தட்டுகள் வைக்கும் அடுக்குகள். புழுவுக்குக் குளிர் ஆகாது என்று ஜன்னலுக்கெல்லாம் பாலிதீன் அடித்திருந்தார்கள். அறுவடையில் முதன்முதலாக மழை பிடித்த வருடம், அந்தத் தட்டுகளில் கதிரைப் பரப்பி நடுவில் நெருப்பு வைத்தால் என்ன என்று கேட்டவள் மகள்தான். அப்போது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பழைய எண்ணெய் டிரம்மில் அடுப்புச் செய்து, புகை போகக் கூரை வழியாக ஒரு குழாயையும் வைத்தார். தைலமர விறகு. குழாய் பாதிப் புகையை வெளியே அனுப்பும், மீதியை எங்களுக்கே தந்துவிடும்.

அந்த நாட்களைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் வீடு டிசம்பரில் ஐஸ் மாதிரி இருக்கும். புழு வீட்டுக்குள் மட்டும் வேறு பருவம். பள்ளிக்கூடம் விட்டதும் பரீட்சைப் பேப்பர் கட்டோடு பஸ் பிடித்துவிடுவேன். மகள் துப்பட்டாவைத் தலையில் இறுகக் கட்டிக்கொண்டு தட்டுத் தட்டாகக் கதிரைத் திருப்பிப் போடுவாள். மேல் தட்டைக் கீழே, கீழ்த் தட்டை மேலே. ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதுவாள். உமி பறந்தால் காய்ந்தது. பறக்காவிட்டால் என் பக்கம் நீட்டி, "இதுக்கு எத்தன மார்க் போடுவ?" என்பாள். வறுத்த மாவு போல ஒரு வாசனை. ஒரு நாள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், என் பேப்பருக்குள்ள ராகி கீது மிஸ்" என்றது. அன்று சாயங்காலம் அதை அவளிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் தட்டு சரிந்தது.

புகைதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. என் அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். கடைசி வருடங்களில் மூச்சு விடுவதே அவருக்கு ஒரு ஷிப்ட் வேலையாக இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் கொசுவத்திகூடக் கொளுத்த மாட்டோம். நான் இரண்டு முறை இருமினால் மகள் முகம் மாறிவிடும். அதனால்தான் அடுத்த மழை வருடத்தில் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு மூட்டை மரக்கரி வாங்கி வந்தாள். இரும்புச் சட்டிகளில் கரியைக் கனிய வைத்து, உள்ளே கொண்டுபோய் வைத்தாள். புகையே இல்லை. "இப்ப இருமு பாக்கலாம்" என்றாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். புகையை மட்டுமே எதிரியாக நினைத்த வீடு எங்களுடையது. புகையாத நெருப்பின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் நான் போனபோது கதவு சாத்தியிருந்தது. சூடு போகாமலிருக்க அவள்தான் சாத்தியிருக்க வேண்டும். கூப்பிட்டேன். பதில் இல்லை. திறந்தேன். அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கையில் ஒரு கதிர். கன்னம் நன்றாகச் சிவந்து, பார்க்க ஆரோக்கியமாகக்கூட இருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பிறகு மழைக்குள் இழுத்துப் போட்டேன். அவள் அப்பா ஓடி வந்தார். தக்காளி ஏற்றிக்கொண்டிருந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். கரி நெருப்பில் வரும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்று டாக்டர் சொன்னார். கண் விழித்ததும் அவள் கேட்டது, "ராகி கருகிடுச்சா?"

அவள் முழுசாகப் பிழைத்துவிட்டாள். நான்தான் இன்னும் அந்த வாசலில் நிற்கிறேன். "இனிமே ராகி சமயத்துல இந்தப் பக்கமே வராத" என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னேன். அவள் தலையாட்டினாள். பெங்களூரில் வேலை கிடைத்தது. போன வருடம் நல்ல வெயில், அடுப்பே வேண்டியிருக்கவில்லை, இருந்தும் அவள் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்து, மரியாதையான விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போனாள். சொன்ன பேச்சை இவ்வளவு ஒழுங்காக இவள் எப்போது கேட்டிருக்கிறாள்?

இப்போது அடுப்பு உள்ளே இல்லை. என் கணவர் அதை வெளியே மாற்றிவிட்டார். டிரம் சுவருக்கு வெளியே இருக்கிறது. குழாய் மட்டும் அறைக்குள் நீளமாக ஓடி எதிர்ச்சுவர் வழியாக வெளியேறுகிறது. கணுவுக்குக் கணு களிமண் பூசியிருக்கிறார். உள்ளே வருவது வெறும் சூடு. அவர் எனக்கு எத்தனையோ முறை விளக்கிவிட்டார். எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன?

போன் வந்த மறுநாள் காலை அவர் அடுப்பை மூட்டியபோது நான் கடப்பாரையை எடுத்துக் கதவின் கீலை நெம்பினேன்.

"இன்னா டீச்சர், இன்னா பண்ற?"

"கழட்டுறேன்."

"கதவு இல்லாம எப்படிக் காயும்? பேத்தமங்களாவுக்கே சூடு காட்டப் போறியா?"

"காயற வரைக்கும் காயட்டும்."

அவர் கையிலிருந்த விறகைக் கீழே போட்டார். பிறகு வந்து மறுபக்கம் பிடித்தார். கதவை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய்க் கதிர்க் குவியலுக்கு முட்டுக் கொடுத்தோம். கதவில்லாத வாசலைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். எதுவும் எழுதவில்லை.

பதில் வந்தது. "ஆடு நுழைஞ்சிடும்."

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. "கூரையையும் பிரிச்சிடேன்."

நான் 'வா' என்று அடித்தேன். ஜாக்கிரதை, சாப்பிட்டாயா, எதுவும் சேர்க்காமல் அனுப்பினேன்.

சனிக்கிழமை ரயிலில் வந்தாள். வீட்டுக்குப் பையை மட்டும் அப்பாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு நேராக நிலத்துக்கே வந்தாள். தூறல் நிற்கவில்லை. ஆடு நுழையாமலிருக்க வாசலில் தொங்கவிட்ட சாக்கை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு உள்ளே போய்த் தட்டை இழுத்தாள். நான் பின்னாலேயே போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

ரயிலில் கூட்டமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டேன். பங்காருபேட்டை வரை நின்றுகொண்டே வந்தாளாம். ஹாஸ்டலில் இட்லி எப்படி? கல். கூட வேலை செய்கிற அந்தத் தெலுங்குப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? தையில். என்ன நிறப் புடவை எடுக்கிறார்களாம்? எதற்கு இத்தனை கேள்வி என்று அவள் கேட்கவில்லை. கதிரைத் திருப்பிப் போட்டபடியே ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பதில் வரும்வரை அவள் முகத்தையே பார்த்திருந்து, வந்ததும் நான் அடுத்ததைக் கேட்டேன்.