மூன்று செவுள் கோடுகள்

வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோது அந்தப் பொட்டலம் என் தலையிலேயே விழுந்தது. செய்தித்தாள் சுற்றி, நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டியது. பார்த்ததும் இரண்டடி பின்னால் துள்ளினேன்.

"என்னம்மா, பாம்பா?" என்றாள் மகள்.

பாம்பாக இருந்தால் அடித்திருப்பேன். இது சபீரா திருப்பிக் கொடுத்த என் நோட்டு. இருபத்தைந்து வருடமாகப் பிரிக்காமலே வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

பழைய தாளின் வாசனை மூக்கில் ஏறியதுமே ஒன்பதாம் வகுப்புக் கடைசி பெஞ்ச் வந்துவிட்டது. நானும் சபீராவும் அங்கே உட்கார்ந்து கடல்மனிதர்களைப் படைத்துக்கொண்டிருந்தோம். வெறும் கடல்கன்னி எங்களுக்குப் போதாது. சமையல்காரி, கணக்கு வாத்தியார், பல் விழுந்த கிழவர் என்று ஒரு ஊரே இருந்தது. எல்லாருக்கும் இடுப்புக்குக் கீழே வால். நான் படம் போடுவேன். உடம்புக்குள் எது எங்கே இருக்கும் என்று அவள் பச்சை மசிப் பேனாவால் குறிப்பாள்.

"வாத்தியார் எப்படிடி ஒண்ணுக்குப் போவாரு?"

இப்படியெல்லாம் தலை போகிற சந்தேகங்கள். இதயம் எங்கே என்று சண்டை முற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவோடு தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கே போய்விட்டோம். மீன் அறுக்கிற அக்கா ஒரு கொடுவா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினார்.

"இதோ பாரு பாப்பா, இதுக்கு நெஞ்சு கழுத்தாண்டதான் இருக்குது."

குனிந்து பார்த்த சபீராவின் துப்பட்டா நழுவியது. எப்போதும் ஊக்குக் குத்தி மூடியிருக்கும் கழுத்தின் இடப்பக்கம், மூன்று நீளத் தழும்புகள். சின்ன வயதில் கட்டி அறுத்ததாம், பிறகுதான் தெரியும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சட்டென்று மூடிக்கொண்டாள். நான் மீனையே பார்ப்பதுபோல் நடித்தேன்.

அதோடு விட்டேனா? அன்றைக்கே கடல்ராணியை வரைந்தேன். சபீராவின் மூக்கு, சபீராவின் புருவம், கழுத்தில் இடப்பக்கம் மட்டும் மூன்று செவுள். சத்தியமாக, அவளைப் பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்தேன். புத்தி கெட்டவள்! மறுநாள் நோட்டு பெஞ்ச் பெஞ்சாகப் போய்விட்டது.

"ஏய், இது சபீராடி! உனக்குச் செவுளா இருக்குது? காட்டு!"

ஊக்கைப் பிடித்து இழுத்தே விட்டார்கள். அவள் அழவில்லை. என்னை மட்டும் பார்த்தாள்.

"ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமில்ல?"

நோட்டைப் பிடுங்கிக்கொண்டு முன் பெஞ்சுக்குப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. வருடக் கடைசியில் குடும்பத்தோடு ஃப்ரான்சுக்குப் போகப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஒரு வியாழக்கிழமை இந்தப் பொட்டலத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே கண்டபடி திட்டி எழுதியிருப்பாள் என்று பயந்தேன். பிரிக்கவே இல்லை.

"சரியான பயந்தாங்கொள்ளிம்மா நீ" என்று மகள் வெடுக்கென்று கிழித்துவிட்டாள்.

ராணி அப்படியே இருந்தாள். ஆனால் சமையல்காரியின் கழுத்தில் இடப்பக்கம் மூன்று பச்சைக் கோடு. வாத்தியாருக்கு மூன்று. கிழவருக்கு மூன்று. கடைசிப் பக்கத்தில் நான் என்னையே சப்பை மூக்கோடு வரைந்து வைத்திருந்தேன். என் கழுத்திலும் மூன்று. ஒரு வசவு இல்லை.

மாலையே அவள் தெருவுக்கு ஓடினேன். வீடு இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்கான காபிக்கடை. அக்கம்பக்கத்து வீடுகளும் விடுதிகளாகிவிட்டன. கல்லாவில் இருந்தவருக்கு அப்படி ஒரு குடும்பம் இருந்ததே தெரியவில்லை.

பொட்டலத்தை அவள் கொடுத்தது வியாழக்கிழமை. ஊரை விட்டுக் கிளம்பியது சனிக்கிழமை. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை முழுசாக இருந்திருக்கிறது.