பட்டாவில் எழுதாத வாய்க்கால்

எங்களுக்கு நிலம் கிடைத்த வருஷம்தான் எனக்குத் தூக்கம் போனது. சொன்னால் சிரிப்பார்கள். நிலமே இல்லாதபோது நன்றாகத் தூங்கியவள் நான்.

உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணைப் பெரியவரின் கையை விட்டுப் போன நிலத்தில் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், எங்கள் பங்குக்கு வந்தது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் மேடை போட்டு, ஆளுங்கட்சிக் கொடி கட்டி, மாலையும் கழுத்துமாக வந்தவர்கள் கையால் என் வீட்டுக்காரர் பட்டா வாங்கினார். உழுதவனுக்கே நிலம் என்று ஒலிபெருக்கி தொண்டை கட்டும் வரை சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நிலத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று மேடையில் இருந்த யாரும் யோசிக்கவில்லை. கீழே இருந்த நாங்களும் கேட்கவில்லை.

நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பிறந்தவள். அங்கே தண்ணீர் கொல்லைப்புறத்தில் ஓடும். கரை வழிந்தால்தான் அதைப் பற்றிப் பேச்சே வரும். வாழ்க்கைப்பட்ட ஊர் நாகப்பட்டினத்துக்கு இந்தப் பக்கம், கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லார் வயலையும் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் இங்கே எட்டிப் பார்க்கும். அதிலும் எங்கள் மூன்று மா வாய்க்காலைத் தொடவே இல்லை. பண்ணை வயலில் பாய்ந்த பிறகு, அவர்கள் வரப்பில் மடை திறந்து விட்டால்தான் எங்களுக்கு. வயலுக்கு வயல் பாய்வது இந்தப் பக்கத்து வழக்கம். எல்லாம் ஒரே ஆள் நிலமாக இருந்தவரை யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதல் சம்பாவுக்குக் குளத்தோரம் ஒரு துண்டு இடத்தை இரவல் வாங்கி நாற்று விட்டோம். நாற்று செழித்து வந்தது, வயல் வெடித்துக் கிடந்தது. என் வீட்டுக்காரர், பண்ணை வரவுசெலவைப் பார்க்கும் காரியக்காரரிடம் போய் நின்றார். அடியுரம் போட்டிருக்கிறது, மடையைத் திறந்தால் உரம் உங்கள் வயலுக்கு வந்துவிடும் என்றார் அவர். நியாயம்தான். உரம் போட்ட வயலில் மடை திறக்கச் சொல்ல எந்த ஊரிலும் வாய் வராது. பொறுத்துப் போய்க் கேட்டால், இப்போதுதான் நட்டிருக்கிறது, வேர் பிடிக்கட்டும் என்றார். அதற்கப்புறம் மேலுரம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

ஒருமுறை திறந்தும் விட்டார்கள். வெடிப்பு நனைந்ததும் அடைத்துவிட்டார்கள். அதற்கும் இவர் கும்பிடு போட்டுவிட்டு வந்தார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று எனக்குப் புத்தி வேறு சொன்னார். பூமிதான் வந்துவிட்டதே, தண்ணீரை ஆள இன்னும் யாரைப் பொறுக்க வேண்டும் என்று கேட்டேன். இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டார். அவருக்குக் கோபமே வராது. அவர் பங்கையும் சேர்த்து நான்தான் பட்டேன்.

அவர் பயத்துக்கும் காரணம் இருந்தது. கூலித் தகராறு முற்றி, அந்த வருஷம் ஊர் எல்லையில் போலீஸ் வேன் குடியே இருந்தது. வரப்பில் நாலு பேர் நின்று பேசினால் பெயரை எழுதிக்கொண்டு போவார்கள். இருட்டில் மடையை வெட்டிவிடலாம் என்று விவசாயக் கூலிகள் சங்கத்து ஆட்கள் சொன்னார்கள். வெட்டலாம், விடிந்ததும் கேஸ் வரும்.

நாற்று முற்றிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்துவிட்டு வந்தால் மத்தியானம் மறுபடியும் கால் அங்கேதான் போகும். நுனி மஞ்சளாகிவிட்டது, கணு விட்டுவிட்டால் நட்டும் பிரயோசனமில்லை. சோறு வடிக்கும்போதும் மனசு வரப்பு வரப்பாக நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் கஞ்சியோடு சோற்றையும் கொட்டிவிட்டேன்.

எங்களுக்கு மேற்கே, கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் வயல். வாய்க்காலில் தொடங்கி எங்கள் வரப்பு வரை நீளமாகக் கிடந்தது. அவர் நடவுக்கு உழுது தண்ணீர் கட்டியிருந்த அன்று அதில் இறங்கி, இரண்டு கோடியிலும் குச்சி ஊன்றிப் பார்த்தேன். வாய்க்கால் பக்கத்தைவிட எங்கள் பக்கம் தண்ணீர் ஆழமாக நின்றது. நிலம் எங்களை நோக்கித்தான் சாய்ந்திருந்தது. அன்று சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போய், உங்கள் வரப்போரமாக ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். மடை கேட்கவில்லை. மடை என்றால் பாயிடமும் ஒவ்வொரு தடவையும் போய் நிற்க வேண்டும். பாய் சர்க்கரைப் பொட்டலம் மடித்துக்கொண்டே யோசித்தார். அவர் காசு கேட்கவில்லை. எங்கள் வயலின் ஒரு முக்கு அவர் வயலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ஏர் திருப்ப இடைஞ்சல். அந்த முக்கை விட்டால் வாய்க்காலுக்கு வழி விடுவதாகச் சொன்னார். பத்திரம் கித்திரம் எதுவும் வேண்டாம், வரப்பை நகர்த்திப் போட்டால் போதும் என்றார்.

வீட்டில் சொன்னதும் இவர் முகம் செத்துப்போனது. இவர் அப்பாவும் தாத்தாவும் அந்தப் பண்ணையில் உழுதே மாண்டவர்கள். ஒரு சாண் மண் அவர்கள் பேரில் இருந்ததில்லை.

"வந்த வருஷமே மண்ணக் குடுக்கச் சொல்றியே புள்ள" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் விடவில்லை.

"தண்ணி இல்லாட்டி மூணு மாவும் இன்னும் அவங்க நெலந்தாங்க. நாம காவக் காக்குறோம், அவ்வளவுதான்."

அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் அந்த முக்கு வரப்பிலேயே போய் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு விடியற்காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த முக்கு வரப்பைத் தன் கையாலேயே வெட்டினார். நான் பின்னாலேயே போய், வெட்டிய மண்ணைப் புது வரப்பில் அணைத்து மிதித்தேன். தெருக்காரர்கள் சிலர் சேர்ந்துகொள்ள, வாய்க்காலையும் வெட்டி முடித்தோம்.

உழுது, பரம்படித்துச் சேற்றைச் சமப்படுத்தி, நடவு தொடங்கிய அன்று அவரைக் காணவில்லை. வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று வந்து எங்கள் வயலில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க வேண்டிய ஆள் இல்லை. பண்ணை வீட்டுப் பக்கம் போகிறார் என்று நடவுக்கு வந்த பெண்ணொருத்தி சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொந்த வாய்க்காலில் வந்த தண்ணீருக்கும் உத்தரவு கேட்கப் போயிருக்கிறாரே, இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று, கட்டிவைத்த நாற்று முடிகளைச் சேற்றில் விட்டெறிந்துகொண்டிருந்தேன்.

வெயில் ஏறிய பிறகு வந்தார். எல்லாப் பெண்களுக்கும் காதில் விழும்படி, கேட்டுவிட்டு வந்தாயிற்றா என்றேன்.

"கேக்கப் போவல. இனிமே தண்ணி கேட்டு வர மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"காரியக்காரர்ட்டயா?"

"இல்ல. பண்ணப் பெரியவர்ட்டயே."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, நாற்று முடியை வாங்கக் கை நீட்டினார். நான் விட்டெறிந்த முடிகளில் ஒன்றைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தேன்.