காமு மாமியின் துணைத்தேர்வு

காமு மாமி கையில் எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் அதன் இடது ஓரத்தை ஒரு விரல் அகலத்துக்கு மடிப்பார். மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே இழுப்பார். பிறகுதான் படிப்பு. கல்யாணப் பத்திரிகைக்கும் கரண்ட் பில்லுக்கும் ஒரே மரியாதை. குரோம்பேட்டையில் கணக்கு டீச்சராக இருந்து, வருஷா வருஷம் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போய்ப் பழகிய கை.

தன் மார்பகக் கட்டியின் பரிசோதனை முடிவையும் அப்படி மடித்துத்தான் படித்தார். ஈஆர் சைபர். பிஆர் சைபர். ஹெர்-2 சைபர்.

"மூணுலயும் முட்டை," என்று கணவர் தோத்தாத்ரி மாமாவிடம் நீட்டினார்.

அஸ்தினாபுரத்தில் அவர்களுக்கு மேல் மாடியில் நான் குடியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகும் வேலை எனக்கு வந்தது. போனில் வண்டி பிடிக்கத் தெரியும், குறுக்கே பேசத் தெரியாது. இரண்டுமே தகுதிகளாகக் கருதப்பட்டன.

டாக்டர் ஜென்சி நிதானமாக விளக்கினார். இவையெல்லாம் புரதங்கள். முதல் இரண்டும் இருந்தால் கட்டி ஹார்மோனைத் தின்று வளர்கிறது என்று பொருள்; தினம் ஒரு மாத்திரையில் அதைப் பட்டினி போடலாம். இல்லாவிட்டால் அந்த மாத்திரையைக் கட்டி சட்டையே செய்யாது. கீமோதான். ஆனால் மாமியின் வயதுக்கும், ஸ்கேனில் சாதுவாகத் தெரிகிற கட்டிக்கும் மூன்று சைபர் பொருந்தவில்லை என்றார்.

பயாப்சி எடுத்த நர்சிங் ஹோம், நூல் போன்ற சதைத் துணுக்குகளை, கெடாமல் இருக்க மருந்துத் தண்ணீரில் போட்டு மாமா கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தது. பொங்கல் லீவு. லேப் திறக்கும்வரை பாட்டில் வீட்டில் இருந்தது. துணுக்கு கெட்டுப்போனால் இருக்கிற புரதமும் சைபர் என்றுதான் காட்டும், அதை எப்படி வைத்திருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"ரொம்ப சுத்தமா வெச்சிருந்தோம் டாக்டர்," என்றார் மாமா. மாமி சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

அதே துணுக்கை இன்னொரு முறை சோதித்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் மாமி நிமிர்ந்தார். மறுமதிப்பீடு கேட்கும் பையன்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் முப்பது வருஷமாக வெறுத்து வந்தவர்.

"திருத்தினவாளுக்கும் கண்ணு இருக்கு. பார்டர்ல நிக்கிறவன் ரீவேல்யூவேஷன் கேட்டா ஒரு அர்த்தம் உண்டு. முட்டை வாங்கினவ கேக்கலாமோ? கீமோன்னா கீமோ."

வீடு திரும்பும் வழியெல்லாம் மாமா லேப்பைத் திட்டினார். ஒரு சைபர் என்றால் நம்பலாமாம், மூன்று சைபர் என்றால் எவனோ பக்கத்துப் பேஷண்ட்டைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறானாம். மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வாரமே கீமோ தொடங்குவதாக இருந்தது. முடி கொட்டும் என்று யாரோ சொல்லி, பின்னலைத் தானே தோள்வரை வெட்டிக்கொண்டுவிட்டார். தெருவில் எல்லோரும் அவருடைய மன உறுதியைப் புகழ்ந்தார்கள். தப்பான சிகிச்சைக்கு அத்தனை உறுதியோடு தயாராகிற ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

கீமோவுக்கு முன் ரத்தப் பரிசோதனைக்குப் போன அன்று டாக்டர் ஜென்சி மறுபடி பிடித்துக்கொண்டார். மாமி அதே பதிலைச் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"டீச்சர், நான் ரீவேல்யூவேஷன் கேக்கல. அந்தப் பழைய துணுக்கைத் தொடவே போறதில்ல. புதுசா ஊசி போட்டு, புதுசா எடுத்து, இங்கயே டெஸ்ட் பண்றோம். இது சப்ளிமென்டரி."

மாமி யோசித்தார்.

"துணைத்தேர்வா? அதுல தப்பில்லை," என்றார். எழுந்து உள்ளே போனார்.

முடிவு வந்தது. ஈஆர், எட்டுக்கு எட்டு. பிஆர் ஆறு. ஹெர்-2 மட்டும் பழையபடி சைபர். அது சைபராக இருப்பது நல்லதுதான் என்று டாக்டர் சொன்னதை மாமி நம்ப வெகு நேரமானது. கீமோ வேண்டியிருக்கவில்லை. ஆபரேஷன், கதிர்வீச்சு, பிறகு தினம் ஒரு மாத்திரை. பின்னல்தான் வீணாகப் போயிற்று.

சென்ற மாதம் மாத்திரை வாங்க மூவரும் போனோம். மாமா வண்டியிலேயே உட்கார்ந்து, அந்த லேப்பின் லட்சணத்தை டிரைவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மருந்துக்கடை வரிசையில் மாமி என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"லேப் மேல தப்பில்லைப்பா. பாட்டிலை ஆத்துக்குக் கொண்டுவந்ததும், மாமா நெடி தாங்கலைன்னு மருந்துத் தண்ணியைக் கொட்டிட்டு, அலசி, ஃபில்டர் தண்ணி ஊத்தி வெச்சார். நான் சமையலுள்ளேந்து பாத்துண்டுதான் இருந்தேன். அது தப்புன்னு அன்னிக்கு எனக்குத் தெரியலை. டாக்டர் எப்படி வெச்சேள்னு கேட்டப்பறந்தான் புரிஞ்சுது."

அப்படியானால் ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டேன்.

"பழசை எடுத்துக் குடைஞ்சா, ஏன் கெட்டுதுன்னு கேப்பாளோல்லியோ. அவர் தாங்க மாட்டார். புதுப் பேப்பர்னா பழசைப் பத்தி யாரும் கேக்க மாட்டான்னு தோணித்து. அதான் சரின்னேன்."