காலேஜ் சேரின் கால் ஒடியட்டும் என்று ஜெபித்தேன்

சபையாரே, தலைப்பைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

என் பேத்தி ஸ்டெல்லா நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் ஆறரைக்கே குழந்தைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். எட்டு மணிக்கு அடுத்த ஆள் வந்த பிறகுதான் அவள் ஹட்டன் காலேஜுக்குப் பஸ் பிடிப்பாள். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க அங்கே படிக்கிறாள். முதல் பாடம் தினமும் தவறிவிடும்.

போன ஐப்பசியில் அந்தப் பாடம் படிப்பிக்கும் சேர், "வரவு போதாது, பரீட்சை எழுத முடியாது" என்று சொல்லிவிட்டார். பிள்ளை காலேஜுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். சோறு இறங்கவில்லை.

உங்களிடம் வந்து அழுதேன். "படிச்சது போதும், கட்டிக் குடுங்க" என்றீர்கள். நல்ல ஆறுதல்! நான் மறக்கவில்லை.

முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, அந்தாளு கால ஒடிச்சு ஒரு எடத்துல உக்கார வைங்க. அப்பத்தான் எம்புள்ள பாடு புரியும்." ஒரு வாரம் இதே ஜெபம். ஆமென் கூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

சனிக்கிழமை விடிந்ததும், எங்கள் லயத்து வீடுகளுக்கு இறங்கும் பாசிப் படியில் ஒருவர் சறுக்கி விழுந்தார். கணுக்கால் வீங்கிவிட்டது. எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டேன்.

"யாரு வீட்டுக்கு வந்தீங்க தம்பி?"

"ஸ்டெல்லாவைப் பார்க்க வந்தேன்மா. காலேஜ்ல அவங்களுக்கு முதல் பாடம் எடுக்கிற சேர் நான். ஏன் வர்றதில்லன்னு தெரியல."

"நல்லா வேணும்!" என்று வாயில் வந்துவிட்டது. ஐயோ, கேட்டபடியே கொடுத்துவிட்டாரே!

தாங்கிப் பிடித்துப் பிள்ளைக் காம்பராவில் உட்கார வைத்தேன். எழுந்து போக முடியாது அவரால். அழும் பிள்ளையொன்றை மடியில் போட்டேன். பதினொரு குழந்தைகளோடு ஸ்டெல்லா படும் பாட்டை எட்டு மணி வரை பார்த்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார் அவளிடம்.

"நீங்க கேட்டீங்களா சேர்?" என்றேன் நான்.



திங்கட்கிழமையிலிருந்து, தவறும் பாடத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைக் காம்பரா வேலையையே செய்முறைப் பயிற்சியாகக் கணக்கில் எடுக்க காலேஜில் நொண்டி நொண்டி அலைந்தார். காலேஜும் ஒத்துக்கொண்டது. ஸ்டெல்லா பரீட்சை எழுதினாள். பாஸாகியும் விட்டாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!

இப்போது தினமும் அந்தக் காலுக்காகவே ஜெபிக்கிறேன். கோபமாக இருந்தாலும் ஆண்டவரிடமே போய்க் கொட்டுங்கள். நம் அழுக்கு ஜெபத்தையும் கழுவி நல்லதாகத் தருவார்.

கட்டிக் கொடுக்கச் சொன்னவர்களே, உங்களுக்காகவும் ஒரு வாரமாக முழங்காலில் நிற்கிறேன். கோயில் படியில் பார்த்து இறங்குங்கள்.