பதினான்கு சுற்று, நான்கு சுற்று

உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் பீறிட்டு வருவதும் சொட்டிச் சொட்டி வருவதும் யார் கையில் இருக்கிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? குடியிருப்புச் சங்கத்தின் தண்ணீர்க்காரி கேட்டதில்லை. இத்தனைக்கும் அது அவள் கையில்தான் இருந்தது.

பதினெட்டு வருடமாக, விடிந்ததும் இடுப்புயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். தெருவோரக் குழியின் மூடியை நெம்பித் தள்ளி உள்ளிருக்கும் வால்வைத் திருகுவாள். முன் தெருவுக்குப் பதினான்கு சுற்று, பின் தெருவுக்கு நான்கு. சங்கத் தலைவர் வாய்மொழியாகச் சொன்ன அளவு. முன் தெருவில் தலைவரின் வாடகை மாடிகள். பின் தெருவில் அவள் வீடு. எல்லோருக்கும் தண்ணீர் திறப்பவள் வீட்டில் ஒரு குடம் நிரம்ப முக்கால் மணி நேரம்!

அந்தத் தலைவரை ஜெயிக்க வைத்தது யார்? பின் தெருதான். வீடுகள் அங்கேதான் அதிகம். தேர்தலுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு ஒரு மிக்ஸி வரும். கொடுப்பவர் லாரித் தண்ணீர் ஒப்பந்தக்காரர். பின் தெரு காய்ந்தால்தானே அவர் லாரி ஓடும்? தண்ணீர்க்காரியின் பரணில் மூன்று மிக்ஸிகள் இருந்தன. அரைப்பதற்கு ஊற்றத்தான் தண்ணீர் இல்லை. இதற்குப் பெயர் மக்களாட்சியாம்.

குழாயடியில் குடம் நிரம்பக் காத்துக் கிடந்த அவள் மகளை, மூன்றாம் முறை தாமதம் என்று பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அந்த வாரப் பொதுக்கூட்டத்தில் தண்ணீர்க்காரி எழுந்தாள்.

"தேர்தலே வேணாம் தலைவரே. எல்லா வீட்டு நம்பரையும் சீட்டுல எழுதிக் குலுக்குவோம். வர்ற ஏழு பேர் ஒரு வருஷம் சங்கத்தைப் பார்க்கட்டும். அடுத்த வருஷம் வேற ஏழு பேர்."

"இது சங்கமா, லாட்டரிக் கடையா?" என்றார் ஒப்பந்தக்காரர். கூட்டம் சிரித்தது.

"உங்களுக்கு ஏண்ணே கவலை? யாரு வருவாங்கன்னு தெரியாதே, மிக்ஸியை யாருக்குக் குடுக்கறதுன்னா?"

கூட்டத்திலிருந்த தையல்காரர் கேட்டார்: "வந்தப்புறம் அந்த ஏழு பேரையும் வளைச்சுட்டா?"

"வருஷா வருஷம் புதுசா ஏழு பேரை வளைக்கணும். அண்ணன் மிக்ஸி கம்பெனியே ஆரம்பிக்கணும்."

தலைவர் குரலை உயர்த்தினார். "ஒண்ணுமே தெரியாதவன் வந்து உட்கார்ந்துட்டா?"

"எல்லாம் தெரிஞ்ச நீங்க உட்கார்ந்துதானே எங்க தெருவுல சொட்டுது!"

"சரி, ஞாயித்துக்கிழமை ஓட்டுக்கு விடுவோம். தோத்தா சாவியை வச்சுட்டுப் போயிடணும்."

"வச்சுடறேன்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் பின் தெருவில் வீட்டுக்கு ஒரு மின்விசிறி இறங்கியது. பக்கத்து வீட்டு அக்கா தலை குனிந்தாள். "கோவிச்சுக்காதேடி. உள்ள வந்து அவங்களே வச்சுட்டுப் போயிட்டாங்க."

"காத்து நல்லா வருதாக்கா? குடத்துல பிடிச்சு வச்சுக்கோ."

குலுக்கல் ஒன்பது ஓட்டில் தோற்றது. வேலை போயிற்று.

சாவியை ஒப்படைக்கும் முன் அவள் சிவப்புப் பெயின்ட் வாங்கினாள். பதினெட்டு வருடமாக அந்த அளவைத் தன் மண்டைக்குள்ளேயே பூட்டி வைத்திருந்ததுதான் அவள் செய்த தப்பு. ஒவ்வொரு குழியின் மூடியிலும் தெருவையும் சுற்றையும் பெரிதாக எழுதினாள். பதினான்கு. நான்கு.

அக்கா ஓடி வந்தாள். "என்னடி நம்பர் இது?"

"எத்தனை சுத்து திருகுனேன்னு எழுதறேன். நமக்கு நாலு."

அக்கா முன் தெரு மூடியைப் பார்த்தாள், தங்கள் மூடியைப் பார்த்தாள். விரலை மடக்கி மிச்சத்தை எண்ணினாள்.

மறுநாள் காலை புது ஆள் சாவியோடு வந்தபோது பின் தெருப் பெண்கள் குழியைச் சுற்றி நின்றிருந்தார்கள். குடத்தோடு தண்ணீர்க்காரியும் நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சத்தமாக எண்ணினார்கள். அவன் கை நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் அக்கா. "இன்னும் பத்து பாக்கி இருக்கு. திருகு!"

அவன் ஐந்தாவது சுற்றைத் திருகினான்.

உங்கள் தெருவிலும் யாரோ ஒருவர் சொன்ன அளவுக்குத்தான் யாரோ திருகிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக் காலை போய் நில்லுங்கள். சத்தமாக எண்ணுங்கள். எண்ணியதை எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து, குலுக்கலைக் கேளுங்கள்.